இரண்டு வருஷ ஓ.எம்.ஆர். வேலை, சின்னப் பிள்ளைகள், வாடகை வீடு: நாவலூரா, மேடவாக்கமா, வேளச்சேரியா, தாம்பரமா?

மதுரையிலோ திருநெல்வேலியிலோ திருச்சியிலோ குடும்பத்தோடு இருக்கிறவரை, ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் என்று சொல்லி, சென்னையில் ஐ.டி. ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம், சோழிங்கநல்லூருக்கோ சிறுசேரிக்கோ அனுப்புகிறார்கள். மனைவி, மூன்று வயதுப் பிள்ளை, சில வீடுகளில் கைக்குழந்தையும். வேலை முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்பது மட்டும் உறுதி. வீடு எங்கே பார்ப்பது என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் நான்கு இடங்களுக்குள்தான் குழம்புகிறார்கள்: நாவலூர் பக்கம், மேடவாக்கம், வேளச்சேரி, தாம்பரம்.

நான்கிலும் குடும்பங்கள் நன்றாகத்தான் வாழ்கின்றன. சென்னையிலேயே தங்கிவிடப் போகிறவருக்குச் சொல்லும் பதிலும், இரண்டு வருஷத்தில் கிளம்பப் போகிறவருக்குச் சொல்லும் பதிலும் வேறு வேறாக இருக்கும். தங்கிவிடப் போகிறவர் பத்து வருஷம் கழித்து இடம் எப்படி வளரும் என்று பார்ப்பார். உங்களுக்கு அந்தக் கணக்கு தேவையில்லை. இந்த ஜூனில் பிள்ளையை எங்கே சேர்ப்பது, அக்டோபர் மழைக்குத் தெரு எப்படி இருக்கும், கிளம்பும் நாளில் அட்வான்ஸ் முழுசாகக் கைக்கு வருமா, இவைதான் உங்கள் கேள்விகள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் முதலில் கேட்பது: பகலில் வீட்டில் இருக்கப்போவது யார்? ஆபீஸ் போகிறவருக்குப் பெரும்பாலும் கம்பெனி பஸ்ஸோ கேப்போ கிடைத்துவிடும். கூட வேலை பார்ப்பவர்கள் இருப்பார்கள். வாரத்தில் சில நாள் வீட்டில் இருந்தே வேலை என்றும் இருக்கலாம். புது ஊரில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல், சின்னப் பிள்ளையோடு காலை எட்டு மணியில் இருந்து இரவு எட்டு மணிவரை இருப்பது இன்னொருவர். அவர் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே போய்ப் பால், காய்கறி, மருந்து வாங்க முடிகிறதா? காய்ச்சல் என்றால் ஆட்டோவில் பத்து நிமிஷத்தில் டாக்டரிடம் போக முடிகிறதா? சாயங்காலம் பேச நாலு பேர் இருக்கிறார்களா? ஆபீஸ் தூரத்தை இதற்குப் பிறகு பாருங்கள்.

இரண்டாவது, தண்ணீர். கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும். தென்சென்னையில் இதைக் கேட்காமல் வீடு பிடிக்கக் கூடாது.

மூன்றாவது ஆபீஸ் பயணம், நான்காவது ஊர்ப் பயணம். மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிற குடும்பத்துக்கு, தூங்குகிற பிள்ளையையும் மூன்று பைகளையும் தூக்கிக்கொண்டு ரயில் ஏறுவது எங்கிருந்து என்பது பெரிய விஷயம்.

ஐந்தாவதுதான் பலர் கணக்கில் விட்டுவிடுவது: உள்ளே வரும்போதும் காலி செய்யும்போதும் ஆகும் செலவு. மாத வாடகை 20,000 என்று வைத்துக்கொள்வோம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது இங்கே பரவலான வழக்கம். ஆக 40,000 போனால் திரும்பாது. பதினெட்டு மாதம் இருந்தால் மாதத்துக்கு 2,200 ரூபாய்க்கு மேல் வாடகையோடு கூடுகிறது. புராஜெக்ட் ஒன்பது மாதத்தில் முடிந்துவிட்டால் அதுவே 4,400 ஆகிறது. பேக்கர்ஸ் செலவு போக வர இரண்டு தடவை. பள்ளியில் சேர்க்கும்போது கட்டும் ஒருமுறைக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பி வராது. வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறவர்கள் பெயின்டிங் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்கு இது ஆற்றாமையாகவே இருக்கிறது.

அட்வான்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. நடைமுறையில் ஐந்து, ஆறு மாதம் கேட்பவர்கள் உண்டு. அந்த 'வேறு மாதிரி எழுதாதவரை' என்பதுதான் ஓட்டை. அதனால் கையெழுத்துக்கு முன்னால் பேசுங்கள். ஊருக்குத் திரும்பியபின் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு அட்வான்ஸைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

## நாவலூர், படூர், சிறுசேரி: ஆபீஸ் பக்கத்தில்

ஓ.எம்.ஆரின் தெற்குப் பாதி. சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவில் உங்கள் ஆபீஸ் என்றால் இதைவிடப் பக்கம் எதுவும் இல்லை. சோழிங்கநல்லூர் எல்காட் ஐ.டி. வளாகத்துக்கும் ஒரே நேர் சாலை.

இங்கே இருப்பவை பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், கேட்டட் கம்யூனிட்டிகள். முதலீட்டுக்காக வாங்கிப் போட்ட வீடுகள் நிறைய என்பதால் வாடகைக்கு வீடு எளிதாகக் கிடைக்கிறது, பேரமும் படிகிறது. அலமாரி, ஃபேன், கீசர் எல்லாம் போட்ட வீடு, சில சமயம் ஏசி, கட்டிலோடுகூடக் கிடைக்கும். இரண்டு வருஷத்துக்கு வருகிறவருக்கு இது பெரிய லாபம். லாரியில் ஏற்றும் சாமான் பாதியாகக் குறையும்.

இன்னொன்றும் இருக்கிறது. சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த வளாகங்களின் விளையாட்டுத் திடலுக்குப் போய்ப் பாருங்கள். மூன்று வயது, நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேராவது இருப்பார்கள். அவர்களின் அம்மாக்களில் பலர் இதேபோல வேறு ஊரில் இருந்து, வேறு மாநிலத்தில் இருந்து வந்தவர்கள். யாருக்கும் அங்கே பூர்வீகம் இல்லை என்பதால் புதிதாக வருகிறவரைச் சேர்த்துக்கொள்ள நேரமாவதில்லை.

குறைகள் வளாகத்தின் கேட்டுக்கு வெளியே ஆரம்பிக்கின்றன. மெயின் ரோட்டை விட்டு உள்ளே போனால் நடந்து போய் வாங்கக் கடை குறைவு. இன்னொரு வண்டி இல்லாமல் வீட்டில் இருப்பவர் எங்கும் அசைய முடியாது. ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதவருக்கு இது தினசரிச் சிறை. ரயில் கிடையாது. ஊருக்குக் கிளம்பினால் வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வழியாகக் கிளாம்பாக்கம் பஸ் நிலையமோ தாம்பரம் ரயில் நிலையமோ போய்ச் சேர வேண்டும். இரவு ஏழு மணி நெரிசலுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவமனை இருப்பது ஒரு தைரியம்.

தண்ணீர் பல வளாகங்களுக்கு லாரியில்தான் வருகிறது. விடியற்காலையில் டேங்கர் வந்து நின்று, சம்ப்புக்குள் (தரைக்கடித் தொட்டி) குழாயைப் போட்டுவிட்டு மோட்டார் ஓடுகிற சத்தம் தரைத்தள வீட்டுக்குள் அப்படியே கேட்கும். அந்த லாரித் தண்ணீருக்கான காசு மெயின்டனன்ஸில் சேர்ந்துவிடும், அல்லது தனி பில்லாக வரும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்குச் சதுர அடிக்கு நான்கு ரூபாய் மெயின்டனன்ஸ் என்றால் மாதம் 4,000. "வாடகை இவ்வளவுதான்" என்று சொல்லும்போது இது அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டபோது, ஓ.எம்.ஆர். கம்பெனிகள் சில ஊழியர்களை வீட்டில் இருந்தே வேலை பார்க்கச் சொன்னதை மறக்க வேண்டாம்.

வீட்டு விளம்பரங்களில் 'மெட்ரோ அருகில்' என்று வரும். மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட்வரை ஒரு மெட்ரோ வழித்தடம் ஓ.எம்.ஆர். மேலேயே கட்டப்படுகிறது, உண்மைதான். கட்டி முடித்து ரயில் ஓடும்வரை உங்களுக்குக் கிடைப்பது தடுப்புகளும் குறுகிய சாலையும்தான். அதற்காக வாடகையில் ஒரு ரூபாய் கூடக் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

## மேடவாக்கம்: நடுவில் ஒரு ஊர்

சோழிங்கநல்லூருக்கு ஏழு கிலோமீட்டர் அளவில், தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவே. இது கடைத்தெருவோடு இருக்கும் ஊர். காய்கறிக் கடை, ரெடிமேட் கடை, டியூஷன் சென்டர், குழந்தை மருத்துவர், ப்ளே ஸ்கூல் எல்லாம் நடை தூரத்தில் இருக்கும் தெருக்கள் நிறைய. தனி வீட்டின் மாடி போர்ஷன்கள் கிடைக்கும். மெயின்டனன்ஸ் என்று தனியாக எதுவும் இருக்காது. பெரும்பாக்கத்தில் பெரிய தனியார் மருத்துவமனை இருக்கிறது.

தனி வீட்டில் ஒன்றைக் கவனியுங்கள்: கரண்ட் மீட்டர். உங்கள் போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதன்பின் படிப்படியாகத் தான் விலை ஏறும். சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று ஓனர் ஒரே விலையாக வாங்கினால், கைக்குழந்தைக்காக ஏசி ஓடும் வீட்டில் அது தொகையாக நிற்கும். தனி மீட்டரிலும் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் விலையே மாறி பில் எகிறும். ஏப்ரல், மே பில்லுக்குத் தயாராக இருங்கள்.

மேடவாக்கத்தின் பிரச்சினை பள்ளிக்கரணை. சதுப்பு நிலம் பக்கத்தில். 2022-இல் ராம்சர் தலமாக (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட அருமையான இடம், ஆனால் சுற்றுவட்டார ஏரிகளின் மிகை நீர் எல்லாம் வந்து சேரும் பள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. அதோடு பெருங்குடி குப்பைக் கிடங்கு. 2022 ஏப்ரலில் அங்கே பிடித்த தீ நாள்கணக்கில் புகைந்தது. பிள்ளைக்கு வீசிங் இருந்தால் பள்ளிக்கரணை, துரைப்பாக்கம் பக்கம் பார்க்கவே பார்க்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மெட்ரோ வேலை இங்கும் நடக்கிறது. மாதவரத்தில் இருந்து வரும் இன்னொரு வழித்தடம் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூரில் முடிகிறது. ஏழு கிலோமீட்டர் என்று நினைத்து முப்பது நிமிஷத்துக்கு முன்னால் கிளம்பினால் பல நாள் போதாது.

## வேளச்சேரி: வேலை இடம் மாறினாலும் கவலையில்லை

வேளச்சேரியின் பலம், அது எதற்கும் நடுவில் இருப்பது. பறக்கும் ரயிலில் தரமணி, திருவான்மியூர், மயிலாப்பூர் வழியாகக் கடற்கரைவரை போகலாம். கிண்டி பக்கம். பள்ளி, மருத்துவமனை, பெரிய மால், சின்னக் கடை எதற்கும் குறைவில்லை. தற்காலிக வேலையில் வருகிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு: ஆறு மாதத்தில் "கிண்டி ஆபீஸுக்குப் போங்கள்", "அம்பத்தூருக்குப் போங்கள்" என்பார்கள். நாவலூரில் வீடு பிடித்தவர் அன்று திணறிப்போவார். வேளச்சேரிக்காரர் வீடு மாறாமலே சமாளிப்பார். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், ஒருவர் ஓ.எம்.ஆரிலும் மற்றவர் நகரத்துக்குள்ளும் என்றால் எனக்குத் தெரிந்து இதுதான் சரியான இடம்.

விலை அதற்கேற்ப. நான்கில் வாடகை அதிகம் இங்கேதான். அதே வாடகைக்குக் கிடைக்கும் வீடு பழசாகவும் சின்னதாகவும் இருக்கும். வாடகை கூடினால் அட்வான்ஸ், புரோக்கர் கமிஷன், பெயின்டிங் பிடித்தம் எல்லாமே சேர்ந்து கூடுகிறது. சோழிங்கநல்லூருக்கு மேலும் தெற்கே ஆபீஸ் என்றால் காலையும் மாலையும் ஓ.எம்.ஆர். நெரிசலில்தான்.

மழைதான் வேளச்சேரியின் பெரிய குறை. விஜயநகர், ராம் நகர், ஏ.ஜி.எஸ். காலனி என்று வருஷாவருஷம் செய்தியில் பெயர் வரும் பகுதிகள் இங்கே இருக்கின்றன. கைக்குழந்தையோடு கரண்ட் இல்லாமல், பால் இல்லாமல், இரண்டு மூன்று நாள் மாடியில் மாட்டிக்கொள்வதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தரைத்தளம் வேண்டவே வேண்டாம். முதல் மாடி என்றாலும் தெருவின் மட்டத்தைப் பாருங்கள். வீட்டுக்குள் வராவிட்டாலும் இடுப்பளவு தண்ணீர் நிற்கும் தெருவில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள்?

## தாம்பரம், குரோம்பேட்டை: ஊரில் இருந்து வந்தவருக்கு ஊர் மாதிரி

ஆபீஸ் தூரத்தைப் பார்த்து முதலில் தள்ளிவிடுகிற இடம் இது. தாம்பரத்தில் இருந்து சோழிங்கநல்லூருக்கு மேடவாக்கம் வழியாகப் பதினேழு கிலோமீட்டர் அளவுக்கு வரும், கேம்ப் ரோடு நெரிசலைத் தாண்டி. கம்பெனி பஸ் இந்த வழியில் வராவிட்டால் தினமும் மூன்று மணி நேரம் போய்விடும். இதை மறைக்க முடியாது.

ஆனால் மற்ற அளவுகோல்களில் பெரும்பாலானவற்றில் தாம்பரம் முன்னால் நிற்கிறது. தென்மாவட்ட ரயில்கள் தாம்பரத்தில் நிற்கும். 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கம். அம்மாவோ மாமியாரோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாறிமாறி வந்துபோகும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது வந்து இருந்தால்தான் தெரியும். பெரியவர் தனியாகவே ரயில் ஏறி வந்து, இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். மின்சார ரயில் சீசன் டிக்கெட் மிக மலிவு. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. பஸ் அடிக்கடி வரும் இடத்தில் இருந்தால்தான் அந்த வசதி பயன்படும், தாம்பரம் அப்படிப்பட்ட இடம்.

மார்க்கெட், கோயில், பள்ளிகள், குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனைகள் என்று எல்லாம் பழைய ஊரின் அடர்த்தியோடு இருக்கும். பக்கத்து வீட்டில் திருநெல்வேலிக்காரரோ தஞ்சாவூர்க்காரரோ இருப்பார். வாடகையும் வேளச்சேரியைவிடக் குறைவு.

மேற்குத் தாம்பரத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மட்டும் ஜாக்கிரதை. அடையாறு ஓரம், 2015-இல் மோசமாக மூழ்கியது, அதன்பின்னும் பெரிய மழைக்குப் பயந்தே இருக்கிறார்கள். கிழக்குத் தாம்பரம், சேலையூர் பக்கம் பார்த்தால் ஆபீஸ் வழியும் கொஞ்சம் குறையும்.

## ஒரே பார்வையில்

| | நாவலூர் பக்கம் | மேடவாக்கம் | வேளச்சேரி | தாம்பரம் |
|---|---|---|---|---|
| பகலில் நடந்து போக | வளாகத்துக்குள் நன்று, வெளியே கஷ்டம் | நன்று | மிக நன்று | மிக நன்று |
| கோடைத் தண்ணீர் | பெரும்பாலும் லாரி | தெருவைப் பொறுத்தது | பரவாயில்லை | தெருவைப் பொறுத்தது |
| வெள்ளம் | உட்புறச் சாலைகளைப் பார்க்கவும் | பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் அபாயம் | தாழ்வான நகர்கள் அபாயம் | முடிச்சூர் பக்கம் அபாயம் |
| சிறுசேரி ஆபீஸ் | பக்கம் | நடுத்தரம் | தூரம் | தூரம் |
| ஊர்ப் பயணம் | கஷ்டம் | பரவாயில்லை | பரவாயில்லை | மிக எளிது |
| மறைந்திருக்கும் செலவு | மெயின்டனன்ஸ், இரண்டாவது வண்டி | சப்மீட்டர் கரண்ட் | பெரிய அட்வான்ஸ் | பயண நேரம் |

## யாருக்கு எது

வீட்டில் இருப்பவர் வண்டி ஓட்டுவார், ஆபீஸ் சிறுசேரி, புராஜெக்ட் இடம் மாறாது என்றால் நாவலூர் பக்கம். இருவரும் ஓ.எம்.ஆரிலேயே வேலை, பிள்ளையை கிரெஷில் விட வேண்டும் என்றாலும் அதே. கிரெஷ் மூடும் நேரத்துக்குள் யாராவது ஒருவர் போய் நிற்க வேண்டுமே. தூரமாக இருந்தால் அந்த ஒரு விஷயமே தினமும் சண்டையாகிவிடும்.

ஆபீஸ் சோழிங்கநல்லூர், ஒரே சம்பளம், சிக்கனமாக இருக்க வேண்டும் என்றால் மேடவாக்கம், தெருவைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து. வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் ஆபீஸ், அடிக்கடி ஊருக்குப் போக வேண்டும், பெரியவர்கள் வந்து தங்குவார்கள் என்றால் யோசிக்காமல் தாம்பரம். என்னிடம் கேட்பவர்களில் அதிகம் பேருக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான், அதிகம் பேர் முதலில் கேட்க விரும்பாத பதிலும் இதுதான்.

ஆறு மாதத்துக்குக் குறைவான வேலை என்றால் நான்கும் வேண்டாம். பிள்ளை பள்ளிக்குப் போகிறது என்றால் குடும்பத்தைப் பெயர்க்காமல் ஒருவர் மட்டும் பி.ஜி.யில் தங்கிக்கொண்டு வார இறுதியில் போய் வருவது நல்லது. பிள்ளை இன்னும் பள்ளி சேரவில்லை, பிரிந்திருக்க முடியாது என்றால் சாமான்களோடு கிடைக்கும் வீட்டுக்கு வாடகை கூடக் கொடுத்தாலும் கணக்கு கட்டும்.

பள்ளி விஷயத்தில் ஒன்று. பிள்ளை எல்.கே.ஜி.க்குக் கீழே என்றால் மாதக் கட்டணம் வாங்கும் ப்ளே ஸ்கூலே போதும். இரண்டு வருஷத்துக்காகப் பெரிய பள்ளியில் அட்மிஷன் போட்டு ஒருமுறைக் கட்டணத்தை இழக்க வேண்டாம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்துவரை என்றால் பக்கத்து அரசுப் பள்ளியை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். கட்டணச் சிக்கல் இல்லை, காலை உணவு உண்டு, கிளம்பும்போது டி.சி. வாங்குவது எளிது.

## டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

வீட்டு ஓனர் எல்லோரும் "தண்ணிக்குப் பஞ்சமே இல்லை சார், போர் இருக்கு" என்றுதான் சொல்வார்கள். குளியலறைக்குள் போய்க் குழாயின் வாயைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்து, ஷவரின் பாதித் துளைகள் அடைத்துக்கிடந்தால் போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். குழந்தைக்குக் குளிப்பாட்ட, பாட்டில் கழுவ எல்லாம் கேன் தண்ணீர்தான் என்றால் அதையும் மாதக் கணக்கில் சேருங்கள்.

வெளியே வந்து மீட்டர் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தெருவில் எல்லா வீட்டிலும் அதைத் தூக்கி, தோள் உயரத்துக்கு மேல் மாட்டியிருந்தால் காரணம் இருக்கும். காம்பவுண்டு சுவரில் புதுப் பெயின்ட் கீழே மட்டும் அடித்திருந்தாலும் கேளுங்கள். புரோக்கரிடம் கேட்க வேண்டாம். முனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரிடம் போய், "அண்ணே, 2023 மழைக்கு இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று கேட்டால் கையை வைத்தே அளவு காட்டிவிடுவார்.

பிறகு அக்ரிமென்ட். பதினோரு மாதத்துக்கு எழுதுவார்கள். அதில் நான்கு விஷயம் எழுத்தில் வர வேண்டும்: குறைந்தபட்சம் இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், சாவி கொடுத்த எத்தனை நாளில் அட்வான்ஸ் திரும்பும். வேலை மாற்றல் என்றால் ஒரு மாத நோட்டீஸில் காலி செய்யலாம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். முதலிலேயே கேட்டால் பல ஓனர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். குடி வரும் அன்றே சுவர், கதவு, குழாய், சமையலறை மேடை எல்லாவற்றையும் தேதி தெரிகிற மாதிரி போனில் வீடியோ எடுத்து, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.